இதர குறிப்புகள்

கதவின் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது.
அந்தப் பக்கம் முதல் அணி தேர்வெழுதுகிறது.
இந்தப் பக்கம், தயாரிப்பு அறையில்,
அதே சோதனையை நானும் செய்கிறேன்.
எனக்கு மதிப்பெண் கிடையாது.
திருத்துகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க
என் எண்கள் உறையில் போகும், அவ்வளவுதான்.

துளைக்குழலைக் கிழங்கில் இறக்கித் திருகினால்
ஈரமாய் ஒரு முனகல்.
விரல் நீளத்துக்கு வெள்ளையாய் வெளியே வரும்.
தோல் முனையை நறுக்கி, தாளில் ஒற்றி,
தராசில் வைக்கிறேன்.
ஏர்கான் காற்றுக்குக் கடைசி இலக்கம்
நிலைகொள்ளாமல் ஆடுகிறது.
மூச்சைப் பிடித்தால் நிற்கிறது:
இரண்டு புள்ளி நான்கு ஏழு.

ஆறு குழாய்கள். முதலாவதில் வெறும் நீர்.
அடுத்தடுத்துச் சீனி ஏறிக்கொண்டே போகும்.
நேற்று நான் கலக்கிய கரைசல்.
ஈஷூன் திரும்பும் பேருந்தில்
கைப்பிடிக் கம்பி விரலை விட மறுத்தது.

நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
கிழங்கு பத்தவில்லை.
போன வாரம் வந்த மூட்டையை
முளைவிடக் கூடாதே என்று
குளிர்பெட்டியில் வைத்தவள் நான்.
எண்ணிக்கையில் பிசகியவளும் நான்.
நேற்றிரவு ஒன்பதரைக்கு சோங் பாங்கில்
கடையைச் சாத்தப் போனவரை நிறுத்தி
மீதியை வாங்கினேன்.
"கறிக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன். தேர்வு ரகசியம்.

குளிரில் கிடந்த கிழங்கு
தன் மாவைச் சத்தமில்லாமல் சீனியாக்கிக்கொள்ளும்.
உள்ளே இனித்துப்போனது,
வெளியே அதைவிட இனித்தால்தான் நீரை விட்டுக்கொடுக்கும்.
பார்த்தால் தெரியாது.
தொட்டாலும் தெரியாது.
அதனால்தான் என் மேசையில் இன்று
இரண்டு தாங்கிகள்.

மணி அடித்தது.
வெறும் நீரில் கிடந்தது விறைத்திருக்கிறது,
ஓட்டில் தட்டினால் டொக்கென்கிறது.
கடைசிக் குழாயில் கிடந்தது
விரலிடுக்கில் தொய்ந்து வளைகிறது.
சோங் பாங் கிழங்கில் நடுவே ஒன்று மட்டும்,
போனபோதும் இரண்டு புள்ளி நான்கு ஏழு
வந்தபோதும் அதே.
நீர் நகராமல் இல்லை.
போன அளவே திரும்பியிருக்கிறது.
அதைக் கொஞ்ச நேரம்
உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

குளிர்பெட்டிக் கிழங்கோ
அதே கரைசலில் குடித்துக் கனத்திருந்தது.

வரைபடத் தாளில் இரண்டு கோடுகள்.
சுழியை ஒன்று புள்ளி மூன்றில் கடக்கிறது,
மற்றது ஏறக்குறைய நான்கில்.

மிஸ் தியோ எட்டிப் பார்த்தார்.
"ஒண்ணு அனுப்பினாப் போதும்லா, செண்பகம்.
ரெண்டு அனுப்பினா கேள்வி வரும்."
வரும்தான்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்:
இதர குறிப்புகள். மூன்று வரிக்கு இடம்.
பதினேழு வருடமாய் அதில்
'இல்லை' என்றே எழுதி வந்திருக்கிறேன்.

மேசை ஒன்று முதல் பதினொன்று வரை
குளிரில் வைத்த கிழங்கு.
பன்னிரண்டிலிருந்து புதிதாக வாங்கியது.
பிழை ஆய்வக உதவியாளருடையது.
இடம் போதாமல் கையெழுத்து
ஓரத்தில் ஏறிப்போயிற்று.

இரண்டாம் அணி உள்ளே போய் முடிக்கும்வரை
முதல் அணியை நூலகத்தில் அடைத்திருக்கிறார்கள்.
பிஸ்கட் தட்டோடு போனேன்.
வெளியே மழை, யாரும் அதைப் பார்க்கவில்லை.
"எல்லாருக்கும் புள்ளி மூணு.
எனக்கு மட்டும் புள்ளி மூணு எட்டு."
"நீ சரியா ஒத்தியிருக்க மாட்ட" என்றான் ஒருவன்.
அவள் எதுவும் சொல்லவில்லை, மூக்கை உறிஞ்சினாள்.
சட்டையில் குத்திய அட்டையில் ஏழு.

நாக்கு நுனிவரை வந்தது.
இன்னும் ஒன்றரை மணி நேரம்
நான் பேசக் கூடாது.

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.
ஒன்று எடுத்தாள்,
சீனி தூவியது.